வேன் அங்கிள் உள்ளே இருந்த 11 வருடம்

வெள்ளவத்தை அப்பா எழுதியது:

பெரிய குற்றத்துக்குச் சிறை போய் வந்தவர்களை நம்பிக்கையான வேலைகளில் வைக்கலாமா என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். போன மாதம் வரைக்கும் எனக்கும் இது பேப்பரில் வாசித்துவிட்டு மடித்து வைக்கிற விஷயம்தான்.

என் மகள் மூன்று வருடமாக ஒரே ஸ்கூல் வேனில் போகிறாள். காலையில் 6.20க்கு ராமகிருஷ்ண வீதி முனையில் ஏறுவாள். ஒருநாள் கூட அந்த அங்கிள் பிந்தினதில்லை. காலி வீதியில் பஸ்காரர்கள் என்ன அநியாயம் செய்தாலும் அவர் இடப்பக்கத்தை விட்டு விலக மாட்டார், இறங்குகிற பிள்ளை கேற்றுக்குள் போகும் வரை வேனை எடுக்கவும் மாட்டார். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமா ஒருநாள் அவரைப் பார்த்துவிட்டு முகம் மாறிப்போனார். மாமா முன்பு புதுக்கடைக் கோர்ட்டில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்காக இருந்தவர். "இந்த ஆள் கைமோசக் கொலைக்கு உள்ள போனவர். 11 வருசம் வெலிக்கடை ஜெயில்ல இருந்தவர்" என்றார். கைமோசக் கொலை என்றால் திட்டமிட்டுச் செய்யாத கொலை.

அன்று இரவு நானும் மனைவியும் தூங்கவில்லை. மூன்று வருடக் காலை நேரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். மகள் கடைசியாக இறங்குகிற பிள்ளை, பத்து நிமிடமாவது அவருடன் தனியாக வருவாள், அது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. நாளைக்கே நிறுத்திவிடுவோம் என்றாள் மனைவி. எனக்கோ நேரே கேட்காமல் நிறுத்த மனம் வரவில்லை.

அடுத்த நாள் மரைன் டிரைவில் வேனை ஓரமாக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. 22 வயதில் ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டுச் சண்டை, கையில் கிடைத்த கத்தியால் ஒரு குத்து, இறந்தவர் அவருடைய சொந்த மச்சான். இப்போது அவருக்கு 51. வெளியே வந்து 18 வருடம், ஒரு சொட்டுக் குடியில்லை. "முதலே ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டதற்கு, "சொல்லியிருந்தா பிள்ளைய ஏத்தியிருப்பீங்களா தம்பி?" என்றார். ஏற்றியிருக்க மாட்டேன். அதையும் அவரிடம் சொன்னேன்.

இதே நான்தான் இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கோயில் பரிபாலன சபையில் இன்னொருவருக்கு எதிராகக் கை உயர்த்தினேன். வேலை செய்த கம்பனியில் பணம் கையாடி, ஒத்திவைத்த சிறைத்தண்டனை பெற்றவர், ஒருநாள் கூட உள்ளே போகாதவர். அவர் பொருளாளராக வரப் பார்த்தார். அன்னதானத்துக்குப் பொறுப்பாக இருங்கள், உண்டியல் சாவியைக் கேட்காதீர்கள் என்றேன். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் முறித்தது காசு விஷயத்தில் வைத்த நம்பிக்கையை, நாங்கள் கொடுக்கப்போவதும் அதே நம்பிக்கையைத்தானே. 11 வருடம் என்ற எண்ணைக் கேட்டதும் நாங்கள் பயந்துவிடுகிறோம், எந்த இடத்தில் முறித்தார் என்று கேட்பதில்லை. நம் இலங்கை அரசியலமைப்பும் பெரும்பாலும் எண்ணைத்தான் பார்க்கிறது: 2 வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்கு 6 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்று உள்ளே இருந்தவர், தண்டனை முடிந்து 7 வருடம் போகும் வரை பாராளுமன்றத்துக்கு வர முடியாது, அதற்குப் பிறகு வரலாம். நாட்டுக்குச் சட்டம் எழுத 7 வருடம் போதுமென்றால் வேன் ஓட்ட 18 வருடம் போதாதா? அதேநேரம் பிள்ளைகளிடம் கை வைத்தவன் 30 வருடம் கழித்து வந்தாலும் வகுப்பறைப் பக்கமே வரக்கூடாது, இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது.

கொட்டாஞ்சேனை டீச்சர் எழுதியது:

அண்ணா, எங்கள் டியூஷன் வகுப்பில் நடந்ததையும் எழுத வேண்டும் போல இருக்கிறது. எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டனை பெற்று, பல வருடம் உள்ளே இருந்து வந்தவர். அவருக்கு எதிராக இருந்த ஒரே சாட்சி அவர் கையெழுத்து வைத்த வாக்குமூலம், அதுவும் அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில். சாதாரண வழக்கில் பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியாகாது. 1979இல் வந்த இந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேலே உள்ளவரோ எடுத்தால் ஆகும். அப்படிக் கிடைத்த தண்டனையை வைத்து "சிறைக்குப் போன ஆள்" என்று ஒருவரை எடைபோட எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் படித்த பிள்ளைகள் இன்று இஞ்சினியர்கள்.

அப்புறம் இன்னொரு மாஸ்டர். அவர்மேல் வழக்கே இல்லை, பொலிஸ் ரிப்போர்ட் எடுத்தால் வெள்ளையாகத்தான் வரும். தங்களிடம் கை வைத்தார் என்று இரண்டு பிள்ளைகள் வந்து சொன்னார்கள், நாங்கள் பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்தோம், "பிள்ளையின் பெயர் கெட்டுவிடும், விடுங்கோ மிஸ்" என்றார்கள், அவரை மாதக் கடைசியில் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டோம். அடுத்த தவணை ஆரம்பிக்கும்போது இரண்டு வீதி தள்ளி அவர் பெயரில் புதுப் பலகை தொங்கியது. அந்த மதிலைக் கடக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. அன்றைக்கே நான் பொலிசுக்குப் போயிருக்க வேண்டும்.

வெள்ளவத்தை அப்பா எழுதியது:

தங்கச்சி, இப்போதும் போகலாம். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்று ஒரு இலவச இலக்கம் இருக்கிறது, அதற்காவது எடுங்கோ. தனியாக எடுக்கப் பயமாக இருந்தால் நானும் மனைவியும் பக்கத்தில் வந்து இருக்கிறோம்.

வேன் கதையில் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மகள் தொடர்ந்து அதே வேனில்தான் போகிறாள், மனைவியும் சரி என்றுவிட்டாள், ஆனால் கடைசியாக இறங்கும் பிள்ளை இப்போது அவள் இல்லை, அந்த ஒழுங்கை அங்கிளே மாற்றினார். மற்ற ஒன்பது வீட்டுக்கும் இது தெரிய வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "நானே போய்ச் சொல்லுறன் தம்பி, நீங்க சொல்லாதீங்க" என்றார். இதுவரை ஐந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்களாம்.