வீட்டில் சர்வீஸ் செய்தபின் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை: எங்கிருந்து பார்ப்பது?

உப்புவெளி வாசி:

வணக்கம். என்னிடம் இருப்பது கார்புரேட்டர் பொருத்திய 125 சிசி மோட்டார் சைக்கிள். மாரி தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நேற்று வீட்டிலேயே என்ஜின் ஒயில் மாற்றி, எயார் பில்டரைச் சுத்தம் செய்து, புதிய பிளக் போட்டு, இறுதியாக டப்பட் இடைவெளியையும் (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ரொக்கர் என்ற நெம்புகோலுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி) சரிசெய்தேன். அதுவரை குறையின்றி ஓடிய வண்டி இப்போது ஸ்டார்ட் ஆகவே இல்லை. லைட்டும் ஹோர்னும் வேலை செய்கின்றன, செல்ஃப் மோட்டாரும் சுற்றுகிறது, டாங்கியில் பெற்றோலும் இருக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது நுனி நனைந்திருந்தது. வேறுபாடாகத் தெரிவது ஒன்றுதான்: கிக்கர் வழக்கமான எதிர்ப்பைக் காட்டாமல் இலேசாகக் கீழே இறங்குகிறது. கராஜுக்கு உருட்டிக்கொண்டு போவதற்கு முன் நானே பார்க்கக்கூடியவை எவை?

இலிங்கநகர்:

பிளக் நனைந்திருப்பதால் பெற்றோல் உள்ளே போகிறது என்பது உறுதி. ஆகவே கார்புரேட்டரை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். முதலில் ஸ்பார்க்கைப் பாருங்கள். கையாளும்போது கில் சுவிட்ச் (என்ஜினை நிறுத்தும் சுவிட்ச்) தட்டுப்பட்டு அணைந்திருக்கலாம், பிளக் தொப்பி முழுமையாக அமராமலும் இருக்கலாம். புதிய பிளக்கைத் தொப்பியுடன் இணைத்து, அதன் உலோகப் பகுதி என்ஜினில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கிக்கரை மிதித்தால் நீல நிறத்தில் பொறி தெரிய வேண்டும். பிளக் துளையிலிருந்து பெற்றோல் ஆவி வெளிவரும் என்பதால், பொறி விழும் இடத்தைத் துளையிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இதில் அவசரம் கூடாது. நம் கடற்கரைப் பகுதி வண்டிகளில் உப்புக் காற்றால் எர்த் வயர் இணையும் போல்ட் பச்சை பிடித்துவிடுவதும் உண்டு, அதையும் சுரண்டித் துடைத்துவிடுங்கள்.

கிண்ணியா:

தம்பி, ஸ்பார்க்கைப் பார்ப்பது சரிதான். ஆனால் நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிக்கர் இலேசாக இறங்குகிறது என்றால் சிலிண்டருக்குள் காற்று அடைபட்டு அழுந்தவில்லை, அதாவது கொம்பிரஷன் இல்லை. அது இல்லாத என்ஜினில் பெற்றோலும் பொறியும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, துளையின் வாயைப் பெருவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு இன்னொருவரை மெதுவாகக் கிக்கரை மிதிக்கச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியேற வேண்டும். தள்ளவில்லை என்றால் சிலிண்டருக்குள் காற்றுப் போய்வரும் வழிகளைத் திறந்து மூடும் வால்வுகளில் ஏதோ ஒன்று முழுமையாக மூடவில்லை. நேற்றுவரை ஓடிய வண்டியில், நேற்று நீங்கள் தொட்ட டப்பட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிஸ்டன் ரிங் ஒரே நாளில் தேய்ந்துவிடாது.

நிலாவெளி:

பிளைவீலில் (என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) உள்ள, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டி குறி, நான்கு ஸ்ட்ரோக் என்ஜினின் ஒரு சுழற்சிக்குள் இரண்டு முறை நேராக வரும். அழுத்த ஸ்ட்ரோக்கின் முடிவில் வருவதே டப்பட் சரிசெய்வதற்குரிய இடம். மற்றையது புகையை வெளியேற்றும் எக்ஸோஸ்ட் வால்வு மூடி, காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு திறக்கும் நேரம். அந்தத் தவறான இடத்தில் வைத்துச் சரிசெய்திருந்தால் இந்தக் கோளாறு வருமல்லவா?

கிண்ணியா:

நல்ல கேள்வி, ஆனால் விளைவு எதிர்மாறானது. அந்த இடத்தில் கேம் (ரொக்கரைத் தள்ளும் மேடுள்ள தண்டு) ரொக்கரைச் சற்றே தூக்கியிருக்கும். அங்கே இடைவெளி வைத்தால், கேம் இறங்கிய பின் அந்த இடைவெளி இன்னும் கூடிவிடும். வண்டி டக் டக் என்று சத்தமிடும், இழுவை குறையும், ஆனால் வால்வு மூடும். இங்கே மூடவில்லை என்று பார்க்கும்போது, இடைவெளி அறவே இல்லாமல் போய், ரொக்கர் வால்வை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். இடைவெளியை வைக்கும் அட்ஜஸ்ட் ஸ்குரூவை அசையாமல் பிடிக்காமல், அதைப் பூட்டும் லொக் நட்டை இறுக்கினால் ஸ்குரூவும் சேர்ந்து திரும்பி, வைத்த இடைவெளியைத் தின்றுவிடும். கராஜில் வேலை பழக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டிக்கொடுப்பது இதைத்தான்.

என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது டி குறியை நேராக்கி, இரண்டு ரொக்கர்களையும் விரலால் அசைத்துப் பாருங்கள். இரண்டும் அசையவில்லை என்றால் பிளைவீலை இன்னொரு முழுச் சுற்றுத் திருப்பிவிட்டு மீண்டும் பாருங்கள். சரியான இடத்தில் இரண்டிலும் சிறிய ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டம் இல்லாதது எதுவோ அதுவே மூடாத வால்வு. பல 125 சிசி என்ஜின்களில் இந்த இடைவெளி 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரை இருக்கும், ஆனால் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே வையுங்கள். லொக் நட்டை இறுக்கிய பிறகும் பீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மீண்டும் நுழைத்துப் பார்ப்பது கட்டாயம். அதுவரை தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம்: வால்வு தனது சூட்டைப் பெரும்பாலும் தன் சீட்டில் (மூடும்போது வால்வு பொருந்தும் வளையம்) அமரும்போதுதான் இறக்கிவைக்கிறது, அமராத எக்ஸோஸ்ட் வால்வுடன் என்ஜின் ஓடினால் அது கருகிவிடும், பிறகு சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும்.

உப்புவெளி வாசி:

அண்ணன், நீங்கள் சொன்னபடியே இருந்தது. பொறி நன்றாக வந்தது, விரலைக் காற்றுத் தள்ளவில்லை. எக்ஸோஸ்ட் பக்க ரொக்கரில் ஆட்டம் சிறிதும் இல்லை. ஸ்குரூவைப் பிடித்தபடி லொக் நட்டை இறுக்கி, கையேட்டின் அளவுக்குக் கொண்டுவந்து, பிளக்கைத் துடைத்து உலர்த்திப் போட்டேன். கிக்கர் பழையபடி எதிர்த்து நின்றது, வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. சூடேறிய பிறகு மேலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று கேட்கிறது. அதற்காக மறுபடியும் திறக்க வேண்டுமா?

கிண்ணியா:

மெல்லிய, ஒரே சீரான சத்தம் என்றால் திறக்க வேண்டாம். டப்பட் கொஞ்சம் பேசுவது நல்லது, இறுகி மௌனமாக இருப்பதுதான் ஆபத்து. சத்தம் நாளுக்கு நாள் கூடினால் மட்டும், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள். பெற்றோல் சிலிண்டருக்குள் அதிகம் போயிருப்பதால் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்து முகர்ந்தும் பாருங்கள். பெற்றோல் வாசம் அடித்தால் புதிய ஒயில் என்று பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.