தார்ச்சா–பதும் நடைபாதை செத்துவிட்டது; இனி ஸன்ஸ்கார் போகாதீர்கள்

நடைப்பித்தன்:
இமாசலத்துத் தார்ச்சாவில் கிளம்பி, ஷிங்கு லா கணவாய் ஏறி, லடாக்கின் ஸன்ஸ்கார் பகுதியில் இருக்கும் பதும் வரை நடக்கலாமா என்று இங்கே மாதம் ஒருவராவது கேட்கிறார். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில்: வேண்டாம்.

2024 மார்ச்சில் நிம்மு–பதும்–தார்ச்சா சாலையை எல்லைச் சாலை அமைப்பு இணைத்துவிட்டது. மொத்தம் 298 கி.மீ. குதிரைக்காரருக்குப் பின்னால் மூச்சு வாங்க ஏறிய 5,091 மீட்டர் கணவாயில் இன்று டிப்பர் லாரி ரிவர்ஸ் எடுக்கிறது. கணவாய் இறங்கி கர்கியாக் ஊர் வருவதற்கு முன் கும்போ ரங்ஜோன் என்று செங்குத்தாக ஒரு பாறை மலை நிற்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது சாமி. அதன் அடியில் கூடாரம் போட்டால் ராத்திரி முழுக்க ஓடைச் சத்தம் மட்டும்தான் கேட்கும். இப்போது பைக்கை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி ரீல்ஸ் எடுக்கிறார்கள்.

பருவமழை மேகத்தைத் தெற்கிலேயே மலைகள் மறித்துவிடுவதால் லடாக் பக்கம் மழை எட்டுவதே அபூர்வம். லடாக்கின் பெரிய ஊரான லேயில் வருஷத்துக்குச் சுமார் 100 மி.மீ. தான். காவியும் சாம்பலுமாகக் காய்ந்த மலை, அரை நாள் நடந்தால் ஒரு திட்டு பார்லி வயல், நாலு வீடு, சோர்ட்டன் என்கிற ஒரு பௌத்த ஸ்தூபி. அந்தப் பச்சை கண்ணில் படும்போது வரும் சந்தோஷம் நடந்து வந்தவனுக்குத்தான் தெரியும். ஜன்னல் ஏற்றிவிட்ட ஸ்கார்ப்பியோவில் போகிறவனுக்கு அது இன்னொரு ஊர், அவ்வளவே.

அசலான திபெத்திய வாழ்க்கையைப் பார்க்கணும் என்றால் நேபாளத்து டோல்போ போங்கள். கையில் காசு இருந்தால் அதே நேபாளத்தின் மேல் முஸ்தாங்.

மலர்விழி_கோவை:
யாருக்குங்க செத்துச்சு? கர்கியாக் இருக்கற லுங்னாக் பள்ளத்தாக்குல இருக்கறவங்களுக்கு அது டிரெக்கிங் பாதை இல்ல, வீட்டுக்குப் போற வழி. வேற வழி இல்லாததால நடந்தாங்க. நீங்க லீவு போட்டு நடந்தீங்க.

பதுமுக்கு இருந்த ஒரே வண்டிப்பாதை கார்கில்லருந்து பென்சி லா கணவாய் வழியா வர்றது. பனி விழுந்தா மாசக்கணக்குல மூடிடும். அப்புறம் வெளிய போகணும்னா உறைஞ்ச ஸன்ஸ்கார் ஆத்து மேலதான் நடக்கணும். அதைத்தான் நாம "சாதர் டிரெக்"னு பேர் வெச்சு பேக்கேஜ் போட்டு விக்கறோம். அவங்க அதே பனிமேல நெய்யும் வெண்ணெயும் சுமந்து லேக்கு விக்கப் போனாங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள அப்பாமார் கூட்டிட்டுப் போனாங்க. பனி உடைஞ்ச இடத்துல பாறைய ஒட்டி இடுப்பளவு தண்ணியில இறங்கணும். பிரசவ வலி வந்தா ஹெலிகாப்டர் வருதான்னு வானத்தப் பாத்து உக்காந்திருக்கணும்.

இன்னொண்ணு. ஷிங்கு லாவுக்கு ரோடு வேணும்னு முதல்ல கடப்பாரை எடுத்தது டெல்லிக்காரங்க இல்ல. ஸ்டோங்தே ஊரைச் சேர்ந்த சுல்ட்ரிம் சோஞ்சோர். ஊர்ல மேமே சோஞ்சோர்னு சொல்வாங்க, மேமேன்னா தாத்தா. சொந்தச் சொத்தை வித்து, சுமார் 57 லட்ச ரூபாய் செலவுல கணவாய்க்கு தார்ச்சா பக்கம் இருக்கற ரம்ஜக்லருந்து கர்கியாக் வரைக்கும் 38 கி.மீ. பாதை வெட்டினாரு. அதுக்குத்தான் 2021ல பத்மஸ்ரீ. அந்தத் தாத்தாகிட்ட போய் "பாதை செத்துப்போச்சு"ன்னு சொல்லிப் பாருங்க.

பைக்கர்_சூர்யா:
மலர் அக்கா 🔥🔥 போன ஜூலைல ஷிங்கு லா போனோம், வேற லெவல். காலைல மணாலில டீ, சாயங்காலம் கர்கியாக்ல தூக்பா நூடுல்ஸ் சூப். நடந்தாத்தான் இமயமலை உங்ககிட்ட பேசும்னு சில பெரியவங்க நெனைக்கறாங்க போல.

நிதானி (மருத்துவர்):
தம்பி, அந்தக் காலை டீயையும் சாயங்காலத் தூக்பாவையும்தான் நான் பயத்தோடு படிக்கிறேன்.

மணாலி சுமார் 2,050 மீட்டர். அடல் சுரங்கம் 3,100, தார்ச்சா 3,360. அங்கிருந்து நேராக 5,091. இறங்கினாலும் கர்கியாக் 4,000 மீட்டருக்கு மேலே. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பாலபாடம். நடந்து போனவர்களுக்கு இந்தக் கணக்கு தானாகவே சரியாக வந்தது. கால் வலியே அவர்களை நிறுத்தியது. வண்டி அப்படி நிறுத்தாது. தலைவலி, வாந்தி, மறுநாள் நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, படுத்திருக்கும்போதே மூச்சிரைப்பது என்று வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் கர்கியாக்கிலிருந்து தெற்கே தப்பிக்க அதே 5,091ஐ மறுபடி ஏறித்தான் ஆக வேண்டும். வடக்கே பதும் போக முடிந்தால் அதுதான் நல்லது.

சாலை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் நான் இல்லை. தார்ச்சாவுக்கு முன்னால் வரும் ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரியாவது தங்கிவிட்டுப் போங்கள்.

நடைப்பித்தன்:
மலர்விழி, மேமே சோஞ்சோரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று. அவர் வெட்டியது ஊர்க்காரர் போய்வர ஒரு ஜீப் பாதை. இப்போது வருவது ராணுவத்துக்கான மூன்றாவது வழி. ஸ்ரீநகர் வழியில் வரும் ஸோஜி லா கணவாயும் மணாலி–லே சாலையும் மூடினாலும் லடாக்குக்கு லாரி போக வேண்டும், அதுதான் நோக்கம். 2024 ஜூலை 26 அன்று த்ராஸில் கார்கில் வெற்றி நாள் மேடையில் இருந்துதான் ஷிங்கு லா சுரங்கத்துக்கு முதல் வெடி வைத்தார் பிரதமர். 4.1 கி.மீ., இரட்டைக் குழாய், 15,800 அடி உயரம். கர்கியாக்கின் சில பத்து வீடுகளுக்காக இது தோண்டப்படுகிறது என்று யாராவது நம்பினால் நம்பட்டும்.

சரி, யாருக்காகத் தோண்டினால் என்ன, ஊருக்கும் பயன்தானே என்பீர்கள். பிழைப்பைப் பாருங்கள். நடந்து போனவன் கர்கியாக்கில் ஒரு ராத்திரி, தேஸ்தாவில் ஒரு ராத்திரி, புர்னேயில் இரண்டு ராத்திரி தங்குவான். ஒவ்வொரு ஊரிலும் படுக்கை, சாப்பாடு, குதிரைக்குப் புல் என்று கொஞ்சம் காசு இறங்கும். காரில் வருகிறவன் பதுமில் மட்டும் தங்குவான். நடுவில் இருக்கும் ஊர்களுக்கு மிஞ்சுவது புழுதியும் சிப்ஸ் பாக்கெட்டும். பத்துக் குதிரை வைத்திருந்தவர்கள் இப்போது என்ன செய்வார்கள்?

மலர்விழி_கோவை:
குதிரை வித்து பிக்கப் வண்டி வாங்குவாங்க. சில பேர் வாங்கிட்டாங்க. நம்ம ஊர்ல மாட்டுவண்டி ஓட்டினவங்க டெம்போ வாங்கினப்ப நாம அழுதோமா?

நடு ஊர்களுக்கு நஷ்டம்னு சொன்னது மட்டும் யோசிக்க வேண்டியதுதான், அதை மறுக்கல. ஆனா அந்த நஷ்டத்துக்கு மருந்து ரோட்ட நிறுத்தறது இல்லையே. நீங்க அங்க இறங்கித் தங்குங்க. புர்னேல வண்டிய விட்டுட்டு புக்தல் மடத்துக்கு நடங்க, இன்னும் அந்தக் கடைசித் துண்டு நடைதான். குகைக்குள்ள கூடு கட்டின மாதிரி மடம், கீழ பச்சை நிறத்துல ஆறு. அந்த வழியில யாரும் உங்கள ஹாரன் அடிச்சு விரட்டல.

புக்தல்னதும் ஞாபகம் வருது. 2014 டிசம்பர் 31ல அந்த ஆத்துல மலை சரிஞ்சு அடைச்சு ஏரியா நின்னுச்சு. 2015 மே 7ல உடைஞ்சு, கீழ இருந்த பாலத்தையெல்லாம் அடிச்சுட்டுப் போச்சு. பாலம் போனா அக்கரை ஊருக்கு அரிசி மூட்டை எப்படிப் போகும்? அப்ப அந்த ஜனங்ககிட்ட "ரோடு இல்லாத அழகு" பத்திப் பேச உங்களால முடியுமா?

கிரெஃப்_ஓய்வு:
வணக்கம். நான் எல்லைச் சாலை அமைப்பின் கிரெஃப் படையில் வேலை பார்த்தவன், லடாக் பக்கமும் இருந்தேன். இரண்டு பேரும் நன்றாகப் பேசுகிறீர்கள். ரோடு போட்டவனைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

கணவாயில் கல்லுடைப்பது யார் தெரியுமா? ஜார்க்கண்டில் தும்காவிலிருந்து வரும் சந்தாலி ஆட்கள், நேபாளிகள், பிகாரிகள். கோடையில் வந்து பனி விழுவதற்கு முன் ஊர் திரும்புவார்கள். தார் காய்ச்சும் டிரம் பக்கத்தில், அந்தப் புகையில்தான் குளிர் காய்வார்கள். முகத்தைத் துணியால் சுற்றியிருப்பார்கள், கண் மட்டும் தெரியும். நடைபோகிறவர் அந்தக் கூடாரத்தைக் கேமராவில் வராமல் ஒதுக்கிப் படம் எடுப்பார். பைக்காரர் கை ஆட்டிவிட்டுப் போவார்.

நடைப்பித்தன் சார், ராணுவத்துக்காக என்பது உண்மை. அதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஆனால் ராணுவ ரோட்டில்தான் ஆம்புலன்சும் போகும், கேஸ் சிலிண்டரும் போகும். இன்னொன்று, சுரங்கம் முடிந்தால் வண்டிகள் கணவாய்க்கு மேலே ஏற வேண்டிய அவசியமே குறையும். அப்போது மேலே நடக்கிறவர்களுக்கு உங்கள் பழைய அமைதி கொஞ்சம் திரும்பவும் கூடும். இதை யாரும் யோசிப்பதில்லை.

சரிவுப்பாறை:
நடைப்பித்தன், சிரிப்பு வருது. ஸன்ஸ்காரில் ரோடு வந்துருச்சுன்னு மேல் முஸ்தாங்குக்கு அனுப்பறீங்களே, அதோட பழைய தலைநகர் லோ மாந்தாங் வரைக்கும் ஜீப் போகுதுங்க! ஜோம்சோம்லருந்து அங்க போய், அப்படியே திபெத் எல்லையில கோரா லா வரைக்கும் வண்டித் தடம். காளி கண்டகி ஆத்துப் பள்ளத்தாக்குல மத்தியானக் காத்து கிளம்பினா ஜீப் புழுதியத் தின்னுக்கிட்டேதான் நடக்கணும். அதுக்கு டாலர்ல பெர்மிட் வேற. 1992 வரைக்கும் வெளிநாட்டு ஆள உள்ளயே விடாத இடம், இன்னும் அதே மாதிரி இருக்கும்னு யார் சொன்னா?

நாளைக்கு டோல்போவுக்கும் ரோடு வரும். அப்ப எங்க அனுப்புவீங்க?

அடுத்தது, "அசலான திபெத்திய வாழ்க்கை". கர்கியாக்ல ஒரு வீட்டுச் சமையலறையில உக்காந்திருந்தேன். சுவர் முழுக்க அலமாரி, அதுல வரிசையா பித்தளைப் பாத்திரம், நடுவுல சாண வரட்டி எரியற அடுப்பு. வீட்டம்மா உப்புப் போட்ட வெண்ணெய் டீய மரக் குழல்ல கடைஞ்சு ஊத்தினாங்க. குடிச்சு பாதி ஆனதும் வறுத்த பார்லி மாவை அதுல கொட்டி விரலாலயே பிசையச் சொன்னாங்க. எல்லாம் நீங்க சொல்ற அசல். பக்கத்துலயே சோலார் விளக்கு, பையன் படிக்கற ஆங்கிலப் பாடப்புத்தகம், அம்மா கையில ஸ்மார்ட்போன். இதுல எது அசல் இல்ல?

நடைப்பித்தன்:
போன் வைத்திருப்பதை நான் குறை சொல்லவே இல்லை. சொல்லாததற்குப் பதில் எழுத வேண்டாம்.

நான் பயப்படுவது இதற்கு: அந்த வீடுகளில் மாடியில் உலர் கழிப்பறை இருக்கும், தரையில் ஓட்டை, மூலையில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். குளிர்காலம் முழுக்கச் சேர்ந்தது வசந்தத்தில் வயலுக்கு உரம். பனி உருகும் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடும் பூமியில் இதைவிட அறிவான ஏற்பாடு கிடையாது. கார் வந்ததும் கூடவே ஃபிளஷ் கேட்கிற விருந்தாளியும் வந்துவிட்டான். ஹோட்டலுக்கு போர்வெல் போடு, செப்டிக் டேங்க் கட்டு. லேயில் இது நடந்து முடிந்த கதை. பதும் பக்கத்தில் குமிக் ஊரைப் பாருங்கள், மேலே இருந்த பனி குறைந்து ஓடை வற்றி, ஊரே கீழே இடம் மாற வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரை நம்பி ஃபிளஷ் டேங்க்! டீசல் புகைக்கரி பனிமேல் படிந்தால் அது இன்னும் சீக்கிரம் உருகும் என்பதும் நான் கட்டிய கதை இல்லை.

சாலையைத் தடுக்க எனக்கு வக்கில்லை. ஆனால் வந்ததற்கு எல்லாரும் கை தட்ட வேண்டும் என்று கட்டளையா?

மலர்விழி_கோவை:
கை தட்டச் சொல்லல. "போகாதீர்கள்"னு தலைப்பு வெச்சீங்களே, அதைத்தான் கேக்கறேன். தண்ணி, கழிப்பறை பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு. அப்ப தலைப்ப மாத்துங்க: போங்க, ஊர்ல தங்குங்க, உலர் கழிப்பறையையே பயன்படுத்துங்க, குப்பைய பையில எடுத்துட்டு வாங்கன்னு. போகாதீங்கன்னா அந்த வீட்டம்மாவுக்கு யாருங்க காசு குடுப்பா? பதும் ஹோட்டல்காரரா?

பைக்கர்_சூர்யா:
டாக்டர் சார், தலைவலி வந்துச்சு, அதை எழுதல 😅 அடுத்த தடவ ஜிஸ்பால தங்கறோம்.

புதுசு_23:
எல்லாரும் சண்டை போட்டு முடிச்சிட்டீங்களா? நான் கேக்க வந்தது வேற. ஸன்ஸ்காரில் வண்டிச் சத்தமே இல்லாம நடக்க இப்ப ஏதாவது பாதை மிச்சம் இருக்கா?

சரிவுப்பாறை:
லமாயுரு–பதும் பழைய பாதைதான் எல்லாரும் சொல்வாங்க. ஆனா சிங்கே லா பக்கமும் ரோடு வந்து லிங்ஷெட் வரை வண்டி போகுது. ஜும்லம் பாருங்க. ஸங்லாவில் கிளம்பி மர்கா பள்ளத்தாக்குல இறங்கற வழி. நடுவுல ஊரே கிடையாது.

நடைப்பித்தன்:
ஜும்லம் நல்ல யோசனை, ஆனால் முதல் தடவை போகிறவருக்கு இல்லை. ஒரே ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசிக்கு முன் தண்ணீர் அதிகம். எப்போது போனாலும் காலையிலேயே கடந்துவிடுங்கள், மத்தியானத்துக்கு மேல் பனி உருகி ஆறு ஏறும். காலை எட்டு மணிக்கு முழங்கால் அளவு இருந்த இடம் மூன்று மணிக்கு இடுப்பளவு இருக்கும். ஊர்க்காரர் ஒருவரையும் குதிரைகளையும் ஸங்லாவிலேயே பேசிக்கொள்ளுங்கள். குதிரை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மலர்விழி_கோவை:
பாத்தீங்களா, அவரே ஸன்ஸ்காருக்கு வழி சொல்லிட்டார். தலைப்ப இன்னும் மாத்தல 🙂

நடைப்பித்தன்:
மாற்றமாட்டேன். தார்ச்சா–பதும் என்றுதான் எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவை படியுங்கள்.

மலர்விழி_கோவை:
படிச்சேன். அரைப்புள்ளிக்கு அப்புறம் என்ன எழுதியிருக்குன்னு நீங்க படிங்க.