மஅபரா, மாபாரா, கடவைக்கரையா?

செல்லூர், மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான இடைக்கால வரலாற்று நூல் ஒன்றைத் தமிழில் கொண்டுவரும் வேலை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. ஆங்கிலத்தில் Ma'bar என்று எழுதும் ஒரு சொல் மட்டும் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. அரபு, பாரசீக ஆசிரியர்கள் நம் கிழக்குக் கரைக்கு இட்ட பெயர் அது. மார்க்கோ போலோவும் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார். டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் 1311இல் மதுரை வரை வந்ததை டில்லிக்காரர்கள் அந்தப் பெயரால்தான் குறித்தார்கள். 1335 வாக்கில் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா டில்லியை உதறிவிட்டு மதுரையில் ஆளத் தொடங்கியபோது அரசுக்கும் அதுவே பெயராயிற்று.

எனக்கு முன்பு இந்த நூலைத் தொட்டவர் ஓரிடத்தில் மாபார், ஓரிடத்தில் மாபர், வரைபடத்தில் மலபார் என்று போட்டுவைத்திருக்கிறார். அரபியில் ‘கடக்கும் இடம்’ என்று பொருளாம். கடவைக்கரை என்று போட்டால் நிற்குமா?

திருமங்கலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, அரபிக்கு ஏன் ஓடுகிறீர்கள்? மா என்றால் பெரிய. பார் என்றால் என்ன என்று தூத்துக்குடியில் யாரையாவது கேளுங்கள். கடலடியில் முத்துச்சிப்பி விளையும் பாறைத் திட்டுக்குப் பார் என்றுதான் பெயர். மா+பார், பெரிய முத்துப் பார். கொற்கை முத்துக்காகவே வந்தவர்கள் அந்தப் பெயரைக் காதால் கேட்டு எழுதிக்கொண்டார்கள். தமிழ்ச்சொல் அரபு நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. மாபார் என்றே எழுதுங்கள், அடிக்குறிப்பும் தேவையில்லை.

கீழக்கரை, அரபு ஆசிரியர்:

ஐயா, பார் விளக்கம் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லின் நடுவில் ஐன் என்ற தொண்டை ஒலி எழுத்து நிற்கிறதே, அதை என்ன செய்வது? அபர என்றால் கடந்தான். அந்த வேருக்கு முன்னால் ம சேர்ந்தால் கடக்கும் இடம். மக்தபில் (ஓதும் பள்ளியில்) படிக்கும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த அமைப்பு இது. இரண்டாவது அசையும் குறில்தான். ‘பர்’ சரி, ‘பார்’ தவறு. மலபார் நினைவில் யாரோ நீட்டிவிட்டார்கள் போல.

எழுதுவதற்கு முன்மாதிரி நம் கையிலேயே இருக்கிறது. மக்காவில் இருப்பதை நாங்கள் கஅபா என்று எழுதுகிறோம், செய்தித்தாள்கள் காபா என்கின்றன. அதே கணக்கில் இது மஅபர், இல்லாவிட்டால் மாபர்.

திருமங்கலம்:

மஅபரா! சொல்லின் நடுவில் உயிரெழுத்து தனியாக வந்து நிற்குமா? அளபெடையில் வரும், அதுவும் நெடிலுக்குப் பின்னால்தான். ‘ம’ குறில், அதை அளபெடை என்றும் சொல்ல முடியாது. வடசொல்லுக்கே ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடமொழி எழுத்தை நீக்கி, என்று விதி வைத்தார் தொல்காப்பியர். அரபுச் சொல்லுக்கு மட்டும் விலக்கு எங்கிருந்து வந்தது?

கீழக்கரை:

விலக்கு கடைத்தெருவிலிருந்து வந்தது ஐயா. ஜமாஅத் என்று எத்தனை பலகைகளில் எழுதியிருக்கிறது! யாரும் தடுமாறிப் படிப்பதாகத் தெரியவில்லை.

அவனியாபுரம், கணினித் தமிழ் ஆர்வலர்:

அப்படியானால் ஆய்தம் போட்டு மஃபர் என்று எழுதலாமே? இலக்கணமும் பிழைத்துக்கொள்ளும்.

செல்லூர்:

ஃபேன், ஃபைல் என்று பழகிய பிள்ளைகள் அதையும் அந்த ஒலியில்தான் படிப்பார்கள். வேண்டாம்.

கே.கே. நகர், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்:

கடவைக்கரை பற்றி ஒன்று. எங்கள் ஊரில் கடவை என்றால் ரயில் தண்டவாளத்தைக் கடக்கும் இடம், இல்லாவிட்டால் பாதசாரிகள் வீதியைக் கடக்கும் கோடு. கடவைக்கரை என்று வாசித்ததும் எனக்குத் தண்டவாளமும் மூடிய கேட்டும்தான் கண்ணில் வந்தன. மதுரைப் பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டு அலுவலகம் ஞாபகம் வரும்.

கடப்பது இலங்கைக்கு என்றால் சேதுக்கரை என்று சொல்லலாமே?

திருநகர், புவியியல் ஆசிரியை:

சேதுக்கரை என்று திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் ஊரே இருக்கிறது, அமாவாசைக்குப் பேருந்து கொள்ளாத கூட்டம். அந்தப் பெயரைத் தூக்கி ஒரு நாட்டுக்கு வைக்க முடியாது.

யாராவது பாண்டிக்கரை என்று சொல்வதற்குள் அதையும் பார்த்துவிடுவோம். பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப், கொல்லம் முதல் நெல்லூர் வரை இந்த நாடு நீள்கிறது என்கிறார். சேர நாட்டு முனையில் தொடங்கி, பாண்டி நாடு, சோழ நாடு, தொண்டை நாடு எல்லாம் தாண்டிப் போகிறது. சோழமண்டலக் கரை என்று போட்டாலும் பொருந்தாது. இன்று வரைபடத்தில் அந்தப் பெயர் பெரும்பாலும் கோடியக்கரைக்கு வடக்கே உள்ள கரைக்குத்தான். அதற்குத் தெற்கே தூத்துக்குடிப் பக்கத்தைப் போர்த்துக்கீசியர் மீன்பிடிக் கரை என்றார்கள். ஆளுக்கொரு எல்லை. நாமாக ஒரு தமிழ்ப்பெயர் சூட்டினால், அந்தப் பெயருக்குரிய எல்லையையும் மாணவர் தலையில் ஏற்றிவிடுவோம். வெளியார் வைத்த பெயர் வெளியார் பெயராகவே இருக்கட்டும்.

மலபாரை எப்படியாவது விலக்குங்கள். அது மேற்குக் கரை. தேர்வுத்தாளில் மாலிக் காபூரை மலபாருக்கு அனுப்பும் விடைகள் எனக்குப் புதிதல்ல.

திருமங்கலம்:

அம்மா, மலபார் குழப்பம் பிள்ளைகள் கிளப்பியதல்ல. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவ நூலின் முகப்பிலேயே நம் மொழியை ‘மலபார் தமிழ்’ என்று போட்டார்கள். ஐரோப்பியருக்கு இரண்டு கரையும் ஒன்றாகவே தெரிந்திருக்கிறது.

துறை என்ற நல்ல சொல்லை யாரும் நினைக்கவில்லையே என்று வருத்தம். ஆற்றைக் கடக்கும் இடமும் துறை, கப்பல் அணையும் இடமும் துறை. கடப்பதும் இறங்குவதும் ஒரே சொல்லில் அடங்கும். கொற்கை பெருந்துறை. மாணிக்கவாசகர் பாண்டியன் பணத்தோடு குதிரை வாங்கப் போனதும் திருப்பெருந்துறைக்கு.

கீழக்கரை:

குதிரை என்றதும் நினைவுக்கு வருகிறது. அதே வஸ்ஸாஃப், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் என்று கணக்கு எழுதியிருக்கிறார். இங்கே குதிரைகளுக்கு இலாயமும் தீனியும் சரியில்லை, வந்தவை பிழைப்பதில்லை, அதனால் ஆண்டுதோறும் புதிதாக வாங்குகிறார்கள் என்று வியாபாரிகள் தரப்புக் கதையும் உண்டு. விற்பவனுக்கு இதைவிட நல்ல கரை எங்கே கிடைக்கும்?

அவனியாபுரம்:

அப்போது நரியைப் பரியாக்கியதில் செலவு மிச்சம்.

செல்லூர்:

குதிரைகளை அடுத்த வாரம் கட்டிப் போடுவோம். துறை எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் பெருந்துறை என்றால் ஈரோட்டுப் பக்கம் போய்விடுவார்கள், துறைநாடு என்றால் அரசாங்கத் துறை போலிருக்கிறது.

இப்படி வைத்துக்கொள்கிறேன். நூல் முழுவதும் மாபர். முதல் தடவை வரும்போது மட்டும் ‘மஅபர் என்பது அரபு ஒலிப்பு, கடக்கும் இடம் என்று பொருள்’ என ஒரு வரி. மாபார் எங்கும் வராது. மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

திருநகர்:

சம்மதம். வரைபடத்தில் ஒரே கோடாக எல்லை போடாமல், கொல்லம் முதல் நெல்லூர் வரை லேசாக நிழல் அடிக்கச் சொல்லுங்கள்.

கே.கே. நகர்:

சரி.

கீழக்கரை:

மஅபர் என்றே முழுதும் போட்டிருக்கலாம். பரவாயில்லை.

திருமங்கலம்:

எனக்குச் சம்மதமில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். அரபியர் தாங்கள் கேட்ட சொல்லைத் தங்கள் வேருக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை.

கீழக்கரை:

ஐயா, மாபார் என்று ஒரே ஒரு பழைய கல்வெட்டில் காட்டுங்கள், என் பெயரிலேயே திருத்தம் அனுப்புகிறேன்.

திருமங்கலம்:

தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை அடுத்த பதிப்புக்கு இடம் விட்டு வையுங்கள்.