டைமர் ஓடும்போதே இடைவெளிய மாத்தினா நிக்காம அடிக்குது, ஏன்?

கேள்வி:
சி ஷார்ப்ல ஒரு விண்டோஸ் சர்வீஸ், கோல்டு ஸ்டோரேஜ்ல இருக்குற டெம்பரேச்சர் சென்சார 5 செகண்டுக்கு ஒரு தடவ படிக்கணும், சென்சார் பதில் தரலன்னா இடைவெளிய 1 நிமிஷமா கூட்டிட்டு பதில் வந்ததும் பழையபடி 5 செகண்டுக்கே வந்துடணும். சிஸ்டம்.த்ரெடிங்.டைமர் தான் யூஸ் பண்றேன். கால்பேக் (டைமர் அடிக்கிறப்போ ஓடுற ஃபங்ஷன்) உள்ள டைமர்.சேஞ்ச்(0, 60000)னு போட்டா ஒரு நிமிஷம்லாம் நிக்கவே இல்ல, லாக் ஃபைல் பொங்கி வழியுது, சிபியு வேற ஏறுது. 60000ங்கறத அது கண்டுக்கவே இல்லயா?

பதில் 1:
அதுக்கு முறை வரவே நீங்க விடல. முதல் எண் டியூடைம், சேஞ்ச் கூப்பிட்ட நிமிஷத்துல இருந்து அடுத்தது எப்போ ஓடணும்னு. ரெண்டாவது பீரியட், அதுக்கப்புறம் வர்ற கேப். 0ன்னா உடனே ஓடும், ஓடினா உள்ள திரும்ப சேஞ்ச், திரும்ப 0. சேஞ்ச்(60000, 60000)னு போடுங்க சரியாயிடும்.

பதில் 2:
சரியாகும், ஆனா இந்த கேஸுக்கு பீரியடே வேணாம் ப்ரோ. சென்சார் பதில் சொல்ல 8 செகண்ட் ஆச்சுன்னா இந்த டைமர் அதுக்காக காத்திருக்காது, 5வது செகண்ட்ல த்ரெட்பூல்ல (வேலைக்கு ரெடியா வச்சிருக்குற த்ரெட் கூட்டம்) இன்னொரு த்ரெட்ல அதே கால்பேக்க ஓட விட்டுடும், ரெண்டும் சென்சாரோட ஒரே போர்ட்ல மோதும். சேஞ்ச்(இடைவெளி, டைமவுட்.இன்ஃபினிட்)னு ஒரு தடவ மட்டும் அடிக்கிற மாதிரி வச்சு, கால்பேக் கடைசில ஃபைனலி (எரர் வந்தாலும் வராட்டியும் ஓடுற பகுதி) உள்ள திரும்ப செட் பண்ணுங்க. கேட்ச்சும் கண்டிப்பா வேணும், கேட்ச் பண்ணாம விட்ட எக்ஸெப்ஷன் (ஓடும்போது வர்ற எரர்) சர்வீஸையே சாய்ச்சிடும். அப்புறம் டைமர லோக்கல் வேரியபிளா விடாதீங்க, கிளாஸ் ஃபீல்டா வைங்க, இல்லன்னா கார்பேஜ் கலெக்டர் (யாரும் யூஸ் பண்ணாதத மெமரில இருந்து காலி பண்றது) தூக்கிட்டு போயிடும். டீபக் பில்டுல நல்லா ஓடும், ரிலீஸ் பில்டுல கொஞ்ச நேரத்துல சத்தமில்லாம நின்னுடும், காரணமே பிடிபடாது.

கேள்வி கேட்டவர்:
ஓ, அப்பப்போ போர்ட் பிஸின்னு எரர் வந்தது இதனால தானா. ஆனா இப்படி வச்சா 5 செகண்டோட படிக்கிற நேரமும் சேர்ந்துக்குமே?

பதில் 3:
சேரும். டெம்பரேச்சருக்கு அது ஒரு விஷயமே இல்ல, விண்டோஸ் கடிகாரமே சாதாரணமா 15 மில்லிசெகண்ட் கணக்குல தான் நகருது. புதுசா எழுதுறதா இருந்தா டாட்நெட் 6ல வந்த பீரியாடிக்டைமர் பாருங்க, அவெய்ட் (அடுத்த அடி வரைக்கும் காத்திருக்க) போட்டு லூப் ஓட்டலாம், மோதல் வராது, ஆனா ஓடும்போதே பீரியட் மாத்துற வசதி டாட்நெட் 8ல தான் வந்துச்சு.

பதில் 2:
கரெக்டா 5 செகண்ட் தான் வேணும்னா ஸ்டாப்வாட்ச் வச்சு ஆன நேரத்த 5000ல கழிங்க. ஆனா மேத்.மேக்ஸ்(0, மீதி)னு போடாம விட்றாதீங்க, மீதி -1னு வந்தா அதுக்கு இன்ஃபினிட்னு அர்த்தம், டைமர் அப்படியே படுத்துடும், -1க்கும் கீழ போனா எக்ஸெப்ஷனாவது வரும், இந்த -1 எரரே காட்டாது.