மகளுக்கு வருவது வலிப்பு நோய் இல்லையாம், அவள் நம்ப மறுக்கிறாள்

என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். ஊர் திண்டுக்கல். போன வருடம் அரையாண்டுத் தேர்வு சமயத்தில் முதல் தடவை விழுந்தாள். கண்ணை இறுக மூடிக்கொள்வாள், கை கால் உதறும், தலை இடமும் வலமும் ஆடும். சில சமயம் 5 நிமிடம் தாண்டியும் நிற்காது. தெளிந்ததும் அழுவாள்.

எம்.ஆர்.ஐ. நார்மல். லெவெடிராசெட்டம் என்கிற வலிப்பு மாத்திரை கொடுத்தும் குறையவில்லை. கடைசியாக மதுரையில் வீடியோ இ.இ.ஜி. (வீடியோ எடுத்தபடியே மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தபோது, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தது. மூளையில் வலிப்புக்கான மின் அலை எதுவும் பதிவாகவில்லை. வலிப்பு நோய் இல்லை, ஆனால் அவள் வேண்டுமென்றே செய்வதும் இல்லை என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். மாத்திரையை அவர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்கிறோம். சி.பி.டி. என்கிற பேச்சு சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சிக்கல் அங்கேதான். "அப்போ நான் நடிக்கிறேன்னு சொல்றீங்களா?" என்று கேட்டவள், கவுன்சிலிங்குக்கு வரவே மாட்டேன் என்கிறாள். டாக்டரையே மறுபடி விளக்கச் சொன்னோம், ஓ.பி. கூட்டத்தில் அவருக்கு நேரமில்லை. யூடியூபில் வீடியோ காட்டினேன், பாதியில் எழுந்து போய்விட்டாள். பள்ளியில் முன்பு பதறியவர்கள் இப்போது "டென்ஷன்தானே" என்று நகர்கிறார்கள், அது அவளை இன்னும் முறுக்கிவிட்டது. (என் அம்மா இரும்புச் சாவியைக் கையில் திணிப்பது தனிக் கதை.)

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இதே பிரச்சினை இருந்திருந்தால், யார் எப்படி எடுத்துச் சொன்னபோது அதை ஏற்று சிகிச்சைக்கு வந்தார்கள்?