யீமி கஷாயம் குடித்தால் தொப்பை கரையுமா?

பனைவெல்லம்: சீன முறையில் எடை குறைக்க யீமி என்ற தானியமும் (ஆங்கிலத்தில் Job's tears) சிவப்புப் பயறும் வேகவைத்த தண்ணீரை மூன்று வேளையும் குடிக்கச் சொல்லி ஒரு வீடியோ சுற்றுகிறது. 'உடம்பில் தேங்கிய ஈரம் பத்து நாளில் வடிந்துவிடும்' என்கிறார்கள். தேறுமா?

மண்ணீரல்: வீடியோ பாதியைத்தான் சொல்கிறது. சீன மருத்துவத்தில் மண்ணீரலைக் குறிக்கும் சொல் 'பீ'. ஆனால் அது ஸ்கேனில் தெரியும் உறுப்பு இல்லை, சாப்பிட்டதைச் சத்தாக்கும் செயல். அது தளர்ந்தால் 'ஷி', அதாவது ஈரம், தேங்கும். நாக்கு விளிம்பில் பல் தடம், மேலே வெள்ளை மாவு, கனக்கும் கால், ஒட்டும் மலம், இவைதான் அடையாளம். இவை இருந்தால் யீமி பொருந்தும். ஓயாத பசி, வாய்நாற்றம், மலச்சிக்கல் உள்ள 'வயிற்றுச் சூடு' ஆளுக்கு வேறு வழி.

பச்சை யீமி குளிர்ச்சி. எண்ணெய் விடாமல் வாணலியில் சிறுதீயில், லேசாகப் பொன்னிறமாகிப் பொரி வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். யீமி 30 கிராம், இரவே ஊறிய பயறு 30 கிராம், இரண்டு துண்டு இஞ்சி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு மணி நேரம். வறுக்காமல் வேகவைத்து, மேலே ஐஸ் போட்டுக் குடித்தால் வயிறு உப்பும், மலம் இளகும்.

கடையில் பார்லியை யீமி என்று தள்ளிவிடுவார்கள். யீமி பெரியது, நடுவில் ஆழமான பழுப்புப் பள்ளம் இருக்கும். பயறும் நீளவாக்கில் மெலிந்ததாக இருக்கட்டும். பாதி சிவப்பு, பாதி கறுப்பு என்றால் தொடாதீர்கள், அது நம்ம குன்றிமணி. சீனாவிலேயே இந்தக் குழப்பம் உண்டு, அது விஷம்.

கறார்க்கணக்கு: வறுக்கும் பக்குவமெல்லாம் சரி ஐயா, கணக்கு எங்கே? இரண்டிலும் சேர்த்து 60 கிராம், கிட்டத்தட்ட 200 கலோரி. வெறும் தண்ணீரை வடித்துக் குடித்தால் அவ்வளவு சேராது. ஆனால் பாதிப் பேர் கல்கண்டு போட்டுக் கஞ்சியாகவே சாப்பிடுகிறார்கள், அதுவும் சாப்பாட்டுக்கு மேல்! எடை ஏறத்தான் செய்யும். முதல் வாரம் குறைவதும் பெரும்பாலும் நீர்தான், கொழுப்பு இல்லை.

மண்ணீரல்: சாப்பாட்டுக்கு மேல் என்று நான் எங்கே சொன்னேன்? இரவுச் சோற்றுக்குப் பதில்தான். சீன தேசிய சுகாதார ஆணையம் 2024இல் வெளியிட்ட உடல்பருமன் உணவு வழிகாட்டியே வயிற்றுச் சூடு, சளி-ஈரம் என்று ஐந்து வகை பிரித்துத்தான் உணவு சொல்கிறது.

கறார்க்கணக்கு: அதே வழிகாட்டியில் ஆணுக்கு நாளுக்கு 1200–1500 கலோரி, பெண்ணுக்கு 1000–1200 என்றும் இருக்கிறதே. இரவுச் சாப்பாடு மாலை 5 முதல் 7 மணிக்குள், முதலில் காய், பிறகு கறி, கடைசியில் சோறு. இளைப்பது இதில்தான். நாக்கில் பல் தடம் பார்ப்பது ருசிக்கு ஊறுகாய் மாதிரி.

மண்ணீரல்: ஊறுகாய் இல்லாமல் பழையது எத்தனை நாள் இறங்கும்? 1200 கலோரியை ஆறு மாதம் தாங்க வேண்டுமே. சூடான, வெந்த உணவு, பத்தில் ஏழு பங்கு வயிறு, சாப்பிட்டபின் மெல்ல நடை. கடைப்பிடிக்க முடிவது இதுதான்.

உரைகல்: நீங்கள் இருவரும் சண்டை போடும் யீமி சாது. கவலை 'ஸ்லிம்மிங் டீ' பொட்டலத்தில். ஃபான் ஷியே யே என்று எழுதியிருந்தால் அது நிலாவரை. சீனப் பெயருக்கு 'அந்நிய நாட்டுப் பேதி இலை' என்று பொருள். திருநெல்வேலிப் பெயரிலேயே உலகம் முழுக்கப் போகும் அதே சரக்கு. கழிந்து போவது நீரும் பொட்டாசியமும். மாதக்கணக்கில் குடித்தால் அது இல்லாமல் குடல் அசையாது.

இன்னும் மோசம், சரக்கு மாறுவது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் இளைக்கும் மாத்திரையில் ஹான் ஃபாங்ஜி என்ற மூலிகைக்குப் பதில் குவாங் ஃபாங்ஜி கலந்துவிட்டது. அது நம்ம ஆடுதீண்டாப்பாளை இனம். நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. சீனத்தில் எழுதினால் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம்தான்.

மண்ணீரல்: இதில் எனக்கு மறுபேச்சில்லை. கலவைப்பொடி, மாத்திரை எதுவும் வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் தானியம் போதும்.

பனைவெல்லம்: அப்போ இரவுச் சோற்றுக்குப் பதில், வறுத்த யீமி, இனிப்பில்லாமல். யாருக்கு ஆகாது?

மண்ணீரல்: கர்ப்பிணிக்கும் மலச்சிக்கல்காரருக்கும்.

கறார்க்கணக்கு: சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர் சோற்றை நிறுத்துமுன் டாக்டரிடம் டோஸ் கேட்கட்டும். தாழ்சர்க்கரை வந்தால் அதற்கும் 'ஈரம்' என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.