தீர்க்கதரிசன நூல்கள்: வேதபாடக் குழுவுக்கு எதிலிருந்து தொடங்கலாம்?

உவர்மலை:
வியாழன் பின்னேர வேதபாடம், 6 கிழமை, ஒவ்வொன்றும் 45 நிமிஷம். மெதடிஸ்த, கத்தோலிக்கப் பிள்ளைகள் கலந்த குழு. ஏசாயாவை முதலிலிருந்து எடுத்தால் 13ஆம் அதிகாரத்தில் களைத்துவிடுகிறார்கள். பாபிலோன், மோவாப், எகிப்து என்று 23 வரை இழுபடுகிறது. எரேமியா 29:11 ('உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே' என்ற வசனம்) மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். எதை எடுக்கலாம்?

கொட்டியாரக்குடா:
ஆமோஸ் எடுங்க தங்கச்சி. 9 அதிகாரம்தான். முதலில் 2 இராஜாக்கள் 14:23-29 வாசியுங்க, காலம் பிடிபடும். பிறகு ஒரு வெள்ளைத்தாளின் நடுவில், வட இராச்சியமான இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா. ஆமோஸ் 1, 2ஐ வாசிக்க வாசிக்க ஒவ்வொரு பெயரையும் அதனதன் திசையில் பென்சிலால் போடச் சொல்லுங்க: தமஸ்கு வடகிழக்கு, காசா தென்மேற்கு, தீரு வடமேற்கு, ஏதோம் தென்கிழக்கு, பிறகு அம்மோன், மோவாப், யூதா. அயலவனுக்கு அடி விழ விழத் தலையாட்டிக்கொண்டு இருந்த இஸ்ரவேலின் கழுத்தில்தான் 2:6இல் சுருக்கு இறுகுகிறது.

1:1இல் 'பூமியதிர்ச்சிக்கு இரண்டு வருஷம் முன்' என்பது நாங்கள் 'சுனாமிக்கு முந்தி' என்கிற மாதிரி. சகரியா 14:5 வரைக்கும் அந்த அதிர்ச்சி மறக்கப்படவில்லை.

(கத்தோலிக்கப் பிள்ளைகளின் திருவிவிலியத்தில் ஏசாயா 'எசாயா', ஓசியா 'ஓசேயா'. முதலே சொல்லிவிடுங்க, பக்கம் தேடியே நேரம் போகும்.)

நிலாவெளி:
29:11ஐ 28இலிருந்து வாசியுங்கோ அக்கா. பாபிலோனுக்குக் கொண்டுபோனதெல்லாம் 2 வருஷத்தில் திரும்பி வரும் என்றான் பொய்த் தீர்க்கதரிசி அனனியா. அங்கே சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் சொன்னது 70 வருஷம். வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவை என்றது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார்கள். சோதனைக்கு முதல்நாள் வருகிற வசன அட்டையில் இந்த 70 இராது.

எரேமியா காலவரிசையிலும் இல்லை: 21ஆம் அதிகாரத்தில் யூதாவின் ராஜா சிதேக்கியா, 25இல் அவனுக்கு முந்திய ராஜா யோயாக்கீம். கொப்பியில் ஒரு கோடு போட்டு கி.மு. 722 சமாரியாவின் வீழ்ச்சி, 586 எருசலேமின் வீழ்ச்சி, 538 சிறைப்பட்டவர்களைத் திரும்ப விட்ட பெர்சிய ராஜா கோரேஸ் என்று குறித்தால் போதும்.

உவர்மலை:
அப்போ கிறிஸ்துவை எங்கே காண்பது? 'நிறைவேறும்படி' என்று மத்தேயு திரும்பத் திரும்பச் சொல்கிறாரே?

கொட்டியாரக்குடா:
ஓசியா 11:1ஐப் பாருங்க. எகிப்திலிருந்து குமாரனை, அதாவது இஸ்ரவேலை, வரவழைத்தது நடந்து முடிந்த கதை, முன்னறிவிப்பே இல்லை. மத்தேயு 2:15 அதை எடுப்பது, இஸ்ரவேல் தவறிய வழியை இயேசு திரும்ப நடக்கிறார் என்று காட்டத்தான். மத்தேயுவைக் கையில் வைத்துக்கொண்டு ஓசியாவுக்குள் போனால் அடுத்த வசனத்திலேயே இடிக்கும்: அங்கே அந்தக் குமாரன் பாகால்கள் என்ற அந்நிய தெய்வங்களுக்குப் பலியிடுகிறான்.